செடி இல்லாத சோதனை

என் இரண்டு முழங்கால்களையும் கொஞ்ச நாளைக்குத் தர முடியுமா என்று அவர் கேட்டார். சீனி இரவல் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன், குடை இரவல் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அப்போது நான் செண்பகனூருக்குச் சற்று மேலே, சரிவில் இருந்த ஒரு சின்ன மூலிகை ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்டோர் கீப்பர். கண்ணாடிச் சாமான், ரசாயனம், துடைப்பம், பினாயில் எல்லாம் என் பொறுப்பு. பல வருடங்களாக அந்தக் குளிரில் சிமென்ட் தரையில் நின்று நின்று என் முட்டி இரண்டும் வீங்கிக் கிடந்தன. அவர் அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். ஐம்பதை நெருங்கும் வயது. ஸ்வெட்டர், அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு, அதற்கும் மேல் ஒரு சால்வை. இவ்வளவுக்கும் உள்ளே எங்கேயோ ஒல்லியாக அவர் இருப்பார். நான் கொஞ்சம் மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பார்.

"வலது கால்ல ஒரு எண்ணெய், இடது கால்ல ஒரு எண்ணெய்க்கா. ஒண்ணுல தழுதாழை இருக்கும், ஒண்ணுல இருக்காது. எதுல இருக்குன்னு சொல்ல மாட்டேன்."

"எதுக்கு மேடம் இந்த வம்பு? ரெண்டுலயும் மருந்தையே போட்டுருங்க. ரெண்டும் என் காலுதானே?"

"அப்ப மருந்து வேலை செஞ்சுச்சா, தடவுனதுல சரியாச்சான்னு எப்படித் தெரியும்?"

தெரிந்து என்ன ஆகப் போகிறது, வலி போனால் போதாதா என்றுதான் எனக்குத் தோன்றியது. அவருக்குப் போதாது. அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "பேரு இல்லாம எழுதிப் பாத்தீங்களாக்கா? அப்பவும் இதே ஆளாத்தான தெரியுறேன்?" என்று கேட்பார்.

தழுதாழை அடிவாரத்துச் செடி. வாதமடக்கி என்றும் சொல்வார்கள். இலையைக் கொதிக்க வைத்து, பொறுக்கிற சூட்டில் வீங்கிய இடத்தில் ஊற்றினால் வீக்கம் வடியும் என்பது ஊரறிந்த வைத்தியம். அந்த இலைக்குள் எத்தனையோ பொருள்கள் இருக்கும். வீக்கத்தை வடிய வைப்பது அவற்றில் எது? அந்த ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, இதுதான் என்று காட்டுவது மேடத்தின் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. கல்யாணம், சொந்த வீடு என்று மற்றவர்கள் ஆயுளைச் செலவழிக்கிற இடங்களில் எல்லாம் அவர் இதைச் செலவழித்திருந்தார்.

இலை பாலசமுத்திரத்திலிருந்து வரும். அங்கே அவருடைய அண்ணன் விவசாயம் பார்த்தார். சாக்கில் கட்டி, பழனி வந்து பஸ் மாறி, மலையேறிக் கொண்டுவந்து போடுவார். போட்டுவிட்டு என் ஸ்டோர் ரூம் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்.

"இந்த எலைய எங்க ஊருல ஆடு கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்மா. இதுக்குப் போயி பாதி ஆயுசக் குடுத்துருச்சு என் தங்கச்சி. என்ன சோலியோ, ஒண்ணும் வெளங்கல" என்பார். சொல்லிவிட்டு அடுத்த முறை இன்னும் பெரிய சாக்காகக் கொண்டுவருவார்.

இலையை நிழலில் காய வைத்துப் பொடித்து ஆல்கஹாலில் ஊற வைப்பார்கள். அதை வற்ற வைத்தால் கரும்பச்சையில் ஒரு களி கிடைக்கும். ஆள் உயரக் கண்ணாடிக் குழாயில் வெள்ளைப் பொடியைக் கெட்டித்து, அதன் தலையில் இந்தக் களியை வைத்து, மேலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பச்சை, மஞ்சள், பழுப்பு என்று களி கோடு கோடாகப் பிரிந்து இறங்கும். ஒவ்வொரு கோடும் கீழே வரும்போது வேறு வேறு குப்பியில் பிடிப்பார். மதுரையில் ஒரு கல்லூரியில் அந்தக் குப்பிகளை எலிகளுக்குக் கொடுத்து, எதனால் அவற்றின் பாதத்து வீக்கம் வடிகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். வடிய வைத்த குப்பியை மறுபடி பிரிப்பார். பிரித்ததை மறுபடி பிரிப்பார். குழாயின் பக்கத்தில் நாற்காலி போட்டு, சொட்டைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். சீசனில் கீழே ரோட்டில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஏரிக்குப் போகும். என் வீட்டுக்காரர் ஜீப்பில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு வட்டக்கானலுக்கும் ஏரிக்குமாகப் பறப்பார். மேடம் தலையைத் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

இதையெல்லாம் செய்யுமுன் அவர் இன்னொன்று செய்வார். இலை இல்லாமல், மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்வார். அதே ஆல்கஹால், அதே குழாய், அதே பொடி, அதே சொட்டு. இலை மட்டும் கிடையாது. கடைசியில் குப்பியில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் அது செடியிலிருந்து வந்ததல்ல, வேறு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பிளாங்க் என்று பெயர். எல்லோரும் ஒப்புக்குச் செய்வார்கள். இவர் நிஜ வேலையைவிடப் பயபக்தியோடு செய்வார்.

ஆய்வுக்கூடத்தோடு விட்டாரா? இல்லை. செண்பகனூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒருநாள் வெறும் சுடுதண்ணி வாங்கிக் குடித்தார். என்ன மேடம் என்றால், "குளிருக்கு இதமா இருக்கிறது டீயா, சூடான்னு பாத்தேன்க்கா. சூடுதான்" என்றார். நான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண். எங்கள் அம்மா பாலில்லாத தேத்தண்ணியில்தான் எங்களை வளர்த்தாள். எனக்குப் பொறுக்குமா? "அப்ப நாங்க தலைமுறை தலைமுறையாக் கொழுந்து கிள்ளினது எதுக்கு மேடம்?" என்று கேட்டேன். அவர் அதற்கு உண்மையாகவே யோசித்தார்.

தங்கச்சி பட்டம் வாங்க வேண்டும் என்று அண்ணன் ஒரு வருடம் பழனிக்கு நடந்து போனார். "நடக்காம இருந்தா என்ன ஆகும்னு அடுத்த வருசம் பாக்கலாம்ணே" என்றாராம் இவர். இளவயதில் பெண் பார்க்க வந்தவர்களிடம், "உங்க பையன் இப்பத் தனியா இருக்காரே, அதுல என்ன கொறை?" என்று கேட்டுவிட்டார் என்றும் அண்ணன் சொன்னார். வந்தவர்கள் தட்டத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். இதைச் சொல்லும்போது அண்ணனுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

என் முட்டிக் கதைக்கு வருகிறேன். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் மேடம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் ஒரே அழுத்தத்தில், ஒரே நேரம் தடவுவார். ஒரு காலுக்குக் கூடுதலாகத் தடவிவிட்டால் கணக்குத் தப்பிவிடுமாம். குளிர்ந்த கைதான், ஆனாலும் நிதானமான கை. எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. இரண்டு காலிலும் வடிந்தது! நான் மாடிப்படியில் ஏறி இறங்கிக் காட்டினேன். மேடத்தின் முகம் வாடிவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுபோல வடிஞ்சா என்னக்கா அர்த்தம்? எண்ணெய்ல ஒண்ணுமில்ல. தடவுனதுலதான் வடிஞ்சிருக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு. எண்ணெய விடுங்க, தடவுறத விட்டுறாதீங்க."

சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து தடவுவதை நிறுத்திவிட்டார். சோதனை முடிந்துவிட்டதல்லவா. என் முட்டி ஒரு மாதத்தில் பழையபடி வீங்கியது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, கோபம்.

கோபத்தை நீட்டிக்க முடியாது, ஏனென்றால் மத்தியானச் சாப்பாடு எனக்கும் அவருக்கும் ஒன்றாகத்தான். ஸ்டோர் ரூமில் மேஜையை ஒதுக்கி, தகரக் கூரையில் சாரல் விழுவதைக் கேட்டபடி சாப்பிடுவோம். அவர் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார். சமையல் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. நான் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு போவேன். பீன்ஸ் பொரியல் நன்றாக இருக்கிறது என்பார். அடுத்த வாய்க்கு, "தேங்காய் போடாம ஒருநாள் செஞ்சு பாருங்கக்கா, எதனால நல்லாருக்குன்னு தெரியும்" என்பார். "பேசாமச் சாப்பிடுங்க மேடம்" என்பேன்.

திங்கட்கிழமைகளில் அவர் குரல் கரகரவென்று இருக்கும். சளியா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லக்கா, சனிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் இப்பத்தான் பேசுறேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையே இல்லாமல் அவருக்குப் போன் செய்வேன். "என்னக்கா விஷயம்?" என்பார். விஷயம் ஒன்றுமில்லை என்றால் அவருக்குப் புரியாது. ஏதாவது ஒரு பொய்க் காரணம் தயாராக வைத்துக்கொள்வேன்.

ஒரு தை மாதத்துக் குளிரில், திரவம் வந்துசேரும் கண்ணாடி இணைப்புக் குழாய் விரிசல் விட்டுவிட்டது. புதிது வர வாரக்கணக்காகும். மேடம் பஜாருக்குப் போய், கட்டடக்காரர்கள் தண்ணி விட்டு மட்டம் பார்ப்பார்களே, அந்த மெத்தென்ற பிளாஸ்டிக் ட்யூபில் ஒரு முழம் வாங்கிவந்து மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. வேலை நிற்கவில்லை. எங்கள் டைரக்டர், ஓய்வுபெற்ற பேராசிரியர், பார்த்துவிட்டுப் பாராட்டினார். நானும்தான் மெச்சிக்கொண்டேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தது கிடைத்தது. வீக்கத்தை வடிய வைத்த குப்பியில் நிறமே இல்லாத ஒரு எண்ணெய்தான் அதிகமாக இருந்தது. அதைத் தனியாகப் பிரித்துவிட்டார். தகட்டில் ஒரு புள்ளி வைத்து, திரவத்தில் ஊறி மேலேற விட்டு, விளக்கின் அடியில் காட்டினால், பச்சையாக ஒளிரும் தகட்டில் கருப்பாக ஒரே ஒரு பொட்டு. ஒரே பொட்டு என்றால் ஒரே பொருள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

சென்னைக்கு அனுப்பி அது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டார்கள். தெரிந்த பொருள்தான், ஆனால் தழுதாழையில் யாரும் கண்டதில்லை. டைரக்டர் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். பல்கலைக்கழகம் கடைசித் தவணை கொடுத்திருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். பட்டம் வந்தால் அங்கேயே நிரந்தர வேலை என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் திட்டமும் முடிகிறது, வேலையும் முடிகிறது, பாலசமுத்திரத்தில் அண்ணன் வீட்டுப் பின்கட்டுதான். மேடத்துக்கு மூட்டை மூட்டையாக நல்ல காலம் வந்து இறங்குகிறது என்று நான் நினைத்தேன். அவர் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தார்.

"என்ன மேடம்?"

"இந்தச் செடிக்கு இது எதுக்குக்கா?"

"எது?"

"இந்த எண்ணெய். ஒரு செடி ஒரு பொருளச் செய்யுதுன்னா அதுக்கு ஏதாவது தேவை இருக்கும். இத வெச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்?"

மறுநாள் வெள்ளனே வந்து பார்த்தால், குழாயில் சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. களி இல்லை. இலையே இல்லை. வெறும் திரவம், வெறும் பொடி. பிளாங்க். ஆரம்பத்தில் பலமுறை செய்ததுதானே என்றேன். "அப்ப எல்லாம் கண்ணாடி. ட்யூப் மாத்துனதுக்கு அப்புறம் செய்யல" என்றார். டீயையே நம்பாத மனுஷி அந்த ஒரு முழம் ட்யூபை நம்பியிருந்தார்.

குப்பியை வற்ற வைத்தார். அடியில் பளபளவென்று கொஞ்சம் எண்ணெய். தகட்டில் வைத்தார். விளக்கைப் போட்டார். அதே உயரத்தில் அதே கருப்புப் பொட்டு. பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருக்க அதில் ஒரு எண்ணெய் கலப்பார்களாம். திரவம் போகும்போதெல்லாம் அதைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. தழுதாழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீக்கத்தை வடிய வைத்தது அந்தக் குப்பியில் வேறு எதுவோ, கண்ணுக்குத் தட்டாத அளவில். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலோடு வருகிறவர்களை மலையடிவாரத்திலேயே நிறுத்திச் சோதிக்கிற ஊர் எங்கள் ஊர்.

நான் கதவைச் சாத்தினேன்.

"யாருக்கும் தெரியாதுல்ல மேடம்?"

"தெரியாது."

"அப்ப விளக்க அணைங்க. அந்தத் தகட்ட இங்க குடுங்க. வெரசா எழுதி முடிச்சுக் குடுத்துட்டு வேலைய வாங்குங்க. அப்புறமா நிதானமா இந்த ஆராய்ச்சியெல்லாம் பண்ணலாம்."

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஒரு முழம் ட்யூபுக்காக ஒரு மனுஷி வாழ்க்கையை விட வேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் சொன்னதை யோசித்துப் பார்த்தார் என்றுகூடச் சொல்வேன். பிறகு தகட்டை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்கு நடந்தார்.

டைரக்டர் நல்லவர்தான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், "இதே பொருளை வேற செடிகள்ல இருக்குறதா நெறையப் பேர் எழுதியிருக்காங்கம்மா. நாமும் ஒண்ணு எழுதுறதுல என்ன வந்துச்சு?"

"அவங்க எந்த ட்யூப் போட்டாங்களோ சார்" என்றார் மேடம்.

அத்தோடு முடிந்தது. கண்ணாடிக் குழாய் வரவழைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆனால் காலம் இல்லை. நிஜமான பொருள் துளியிலும் துளி, அதைச் சேர்க்க எத்தனை சாக்கு இலை வேண்டுமோ. தவணை முடிந்தது. பல்கலைக்கழகம் இன்னொன்று தரவில்லை. பங்குனியோடு கிளம்ப வேண்டும் என்று ஆனது.

அந்த மாதிரி நாட்களில் மனிதர்களுக்கு மனிதர்கள் வேண்டும் என்பார்கள். இவர் மத்தியானம் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். முதல்நாள் வேலை என்று நினைத்தேன். மறுநாள் பாத்திரத்தோடு போய்க் கூப்பிட்டேன். "நீங்க சாப்பிடுங்கக்கா, நான் இங்கயே சாப்பிட்டுக்கிறேன்" என்றார். கடையில் வாங்கிய ரொட்டியை வைத்துக்கொண்டு, நிறுத்திவைத்த குழாய்க்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். நான் அவருடைய பங்குச் சோற்றைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போனேன். தகட்டை மறைக்கச் சொன்னேனே, அதனால் என்னைக் கேவலமாக நினைக்கிறார் என்று பட்டது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் போனையும் நிறுத்தினேன். ஸ்டோர் ரூமில் ஒற்றையாகச் சாப்பிட்டேன். மகள் கோயம்புத்தூரில் வாழப் போனபின், வீட்டுக்காரரும் ஜீப்போடு போய்விடுவதால், வீட்டிலும் அப்படித்தான். அந்த மேஜை ஒன்றுதான் எனக்கும் மிச்சம் இருந்தது.

கிளம்பும் நாள் காலையில் மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஒரு பெட்டி, ஒரு பை, சால்வை. பனியில் நின்றுகொண்டிருந்தார். பழனி பஸ் இன்னும் வரவில்லை. போனவுடன் கேட்டுவிட்டேன்.

"நான் என்ன பண்ணிட்டேன்னு சாப்பிட வரல?"

அவர் திகைத்துப்போய்விட்டார். "நீங்க ஒண்ணும் பண்ணலயேக்கா."

"பின்ன?"

"அண்ணன் வீட்ல எல்லாரும் வெள்ளனே சாப்பிட்டுத் தோட்டத்துக்குப் போயிருவாங்க. மத்தியானம் நான் மட்டுந்தான் இருப்பேன். அதான், நீங்க இல்லாம சாப்பிட முடியுதான்னு போறதுக்கு முன்னாடி பாத்துக்கிட்டேன்."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் சுர்ரென்று வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சா என்ன மேடம்? நான் இங்க என்னென்னமோ நெனச்சுக்கிட்டுக் கெடந்தேனே!"

"சொன்னா நீங்க பேசாம இருப்பீங்களா? கதவுக்கு வெளிய நின்னாவது ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பீங்க. அப்புறம் அது பிளாங்க் இல்லியேக்கா."

அது உண்மைதான். நான் சும்மா இருந்திருக்க மாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"சரி. என்ன தெரிஞ்சுது?"

வளைவில் பஸ் வந்துவிட்டது. அவர் குனிந்து பெட்டியை எடுத்தார்.

"முடியலக்கா."

"ஒரு தடவ செஞ்சுட்டு முடிவு சொல்லக் கூடாதும்பீங்களே மேடம்."

"இத இன்னொரு தடவ செய்ய எனக்குத் தெம்பு இல்லக்கா."

கண்டக்டர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். மேடம் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலசமுத்திரத்தில் அன்றைக்கு மத்தியானமே அதை இன்னொரு தடவை செய்யப் போகிறார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விசில் ஊதினார்கள். கையை எடுங்கம்மா என்றார் கண்டக்டர். எடுத்தேன்.